தனியாக வெளிநாட்டில் ஒரு நாள் சாகசம்: எதைத் தேர்ந்தெடுத்தால் தைரியம் கூடும்?

தனியாக வெளிநாடு போகிறவர்கள் பலருக்கு முதல் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் கழிகின்றன. தங்கியிருக்கும் அறை, அதற்குப் பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு, திரும்பவும் அறை. மூன்றாம் நாள் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று மனசுக்குள் ஒரு கேள்வி எழும். நகரத்தை விட்டு ஒரு நாள் வெளியே போய்வர வேண்டும், நெஞ்சு கொஞ்சம் படபடக்கிற எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் அந்த ஜன்னலோரத்தில்தான் பிறக்கிறது. எனக்கும் அங்கேதான் பிறந்தது.

அப்புறம் போனை எடுத்துத் தேடினால் மலைப்பாதை, பனியாறு (மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்), பாராசூட் மாதிரி ஓர் இறக்கையில் பறக்கும் பாராகிளைடிங், பாலத்திலிருந்து குதிப்பது, கடலுக்கடியில் மூழ்குவது என்று எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். கையில் இருப்பது ஒரு நாள். மனசில் பாதி ஆசை, பாதி பயம். அழகான படம் வேண்டுமென்றால் எதை எடுத்தாலும் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பிறகு மீதிப் பயணம் முழுக்கக் கால் தயங்காமல் நடக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், இவை எல்லாம் ஒன்றில்லை. எனக்கு இது புரியப் பல பயணங்கள் ஆயின. அதனால்தான் இந்த ஒப்பீடு.

எதை வைத்து ஒப்பிடுவது

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல், 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது இரண்டாவது. மற்றவர்கள் தரும் ஊக்கம் மூன்றாவது. உடம்பில் எழும் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது நான்காவது. நான்கிலும் வலுவானது முதலாவதுதான் என்றார்.

பயணத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. அன்றைக்கு எவ்வளவு பயந்தேன் என்பது கணக்கில்லை. எத்தனை முடிவுகளை நானே எடுத்தேன் என்பதுதான் கணக்கு. எந்த பஸ், எந்த நிறுத்தம், பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம், மேகம் கறுக்கிறதே மேலே போகலாமா திரும்பலாமா. இந்த மாதிரி சின்னச் சின்ன முடிவுகள் ஒரு நாளில் இருபது சேர்ந்தால், சாயங்காலம் அறைக்குத் திரும்புகிற ஆள் காலையில் கிளம்பிய ஆளாக இருப்பதில்லை.

கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு. முடிவு தப்பாகிப் போனால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் வீணாகும், கால் வலிக்கும் என்றால் அது நல்ல பள்ளிக்கூடம். உயிருக்கே ஆபத்து என்றால் அங்கே கற்றுக்கொள்ளப் போகக் கூடாது. ஆக, முடிவு யார் கையில், தவறினால் நஷ்டம் எவ்வளவு என்ற இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

குதிப்பதும் பறப்பதும்

சாகசம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். நியூசிலாந்தில் குயின்ஸ்டவுன் பக்கத்தில் கவராவ் பாலத்தில் 43 மீட்டர் உயரத்திலிருந்து, காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கலாம். பங்கி ஜம்பிங் என்பது இதுதான். 1988-இல் பங்கி ஜம்பிங் நிரந்தரமான ஒரு வணிகமாக முதன்முதலில் தொடங்கியது அங்கேதான். தென்னாப்பிரிக்காவின் புளூக்ரான்ஸ் பாலம் 216 மீட்டர். மக்காவ் கோபுரத்தில் குதிக்கும் உயரம் 233 மீட்டர். எண்ணைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

நான் குதித்ததில்லை, பறந்திருக்கிறேன். துருக்கியில் ஒலுதெனிஸ் என்ற கடற்கரை ஊருக்குப் பின்னால் பாபாதா மலை 1,900 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. அங்கிருந்து பாராகிளைடிங். பைலட் எனக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தார். "ஓடு, ஓடு, உட்காராதே" என்றார். நாலு அடி ஓடியிருப்பேன். ஐந்தாவது அடி வைக்கத் தரை இல்லை. காலுக்குக் கீழே பைன் மரங்கள், அதற்குக் கீழே நீலத்தில் ஒரு வளைவு. இறங்கும் வரை நான் பேசவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன், காற்றில் கண்ணீர் காய்ந்துவிட்டது. வாழ்நாளுக்கும் மறக்காத அரைமணி நேரம் அது.

ஆனால் அன்று சாயங்காலம் மினிபஸ் நிற்கும் இடத்தில் போய், பக்கத்து ஊருக்கு இது போகுமா என்று ஓட்டுநரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று வண்டிகளை விட்டுவிட்டு நடந்தே அறைக்குத் திரும்பினேன். காலையில் மலையுச்சியிலிருந்து பறந்தவள் நான்தான். அந்தப் பறப்பில் என் முடிவு என்று இருந்தது ஒன்றே ஒன்று, பணம் கட்டியது. காற்றைப் பார்த்தது, திசையைத் திருப்பியது, தரை இறக்கியது எல்லாம் பைலட்.

அதற்காக இது வீண் என்று சொல்ல மாட்டேன். பயம் உச்சத்துக்குப் போய்த் தானாகவே தணியும் என்பதை உடம்புக்கே காட்டிக்கொடுக்க இதைவிட வேகமான வழி இல்லை. பண்டூரா சொன்ன நான்காவது ஊற்று இது. படபடப்பு வந்தாலே தனக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு, படபடப்பு வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒருமுறை உணர்வது பெரிய விஷயம். அந்த ஒரு தேவைக்காகப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். வழி கேட்க, தனியே நடக்க, திட்டம் கலைந்தால் சமாளிக்கத் தைரியம் வேண்டுமென்றால் அது இங்கே கிடைக்காது.

ஒரு விஷயம் மட்டும். பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாலும், பங்கி, பாராகிளைடிங், ஸ்கூபா (காற்றுக்குடுவையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூழ்குவது) போன்றவற்றைப் பல பாலிசிகள் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும், அல்லது கூடுதல் தொகை கட்டினால்தான் சேர்க்கும். விதிவிலக்குகள் என்ற பகுதியைக் கிளம்புவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

கைடோடு போவது

சில இடங்களில் இது தேர்வே இல்லை, கட்டாயம். ஐஸ்லாந்தின் சோல்ஹைமாயோகுல் மாதிரி ஒரு பனியாற்றின் மேல் அனுபவமில்லாதவர் தனியே கால் வைக்கக் கூடாது. பனிக்கு அடியில் வெடிப்புகள் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. நான் போன குழுவின் கைடு நடுவில் நின்று, கையிலிருந்த பனிக்கோடரியின் முனையால் எங்கள் முன்னால் இருந்த வெள்ளைத் தரையைக் குத்திக் காட்டினார். மேலோடு உடைந்து உள்ளே போனது. அடியில் கறுநீல இருட்டு. அதுவரை தரை என்று நான் நம்பிக்கொண்டிருந்தது தரை இல்லை. நிலத்தைப் படிக்க நமக்குத் தெரியாத இடத்தில் கைடுதான் நம் கண்.

தனியாக வந்தவருக்குக் குழு தருகிற இன்னொரு நன்மை துணை. அன்று என்னோடு நடந்தவர்களில் என் அம்மா வயதில் ஒருவர் தனியாக வந்திருந்தார். முள் பதித்த இரும்புச் செருப்பைக் கால்களில் மாட்டிக்கொண்டு, கால் நடுங்க நடுங்க, ஒவ்வொரு அடியாக ஊன்றி ஏறினார். அவரைப் பார்த்த பிறகு எனக்குள் ஒரு சாக்குப்போக்கு குறைந்தது.

குறை என்னவென்றால் நேரம், வழி, ஓய்வு, திரும்புவது எல்லாமே இன்னொருவர் கையில். நாள் முழுக்க முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்து நடந்துவிட்டுத் திரும்பினால் கால்தான் பலப்படும். ஆகவே கைடோடு போனால் கேள்வி கேட்டுக்கொண்டே போங்கள். ஏன் இந்தப் பக்கம் போனோம், ஏன் இங்கே நிற்கவில்லை, இந்த மேகத்தைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது. நல்ல கைடுகள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அன்றைக்கு அவர் எடுத்த முடிவுகளை அடுத்த வாரம் எங்காவது நீங்கள் எடுக்க வேண்டியிருக்கும்.

தனியாக, அடையாளம் போட்ட பாதையில்

என் மனசு முழுக்கச் சாய்வது இந்தப் பக்கம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

முதல் தனிப் பயணத்தின் மூன்றாம் நாளில் நான் எடுத்தது ஹாங்காங்கின் டிராகன்ஸ் பேக் பாதை. ஷாவ் கே வான் மெட்ரோ நிலையத்திலிருந்து 9-ஆம் எண் பஸ், டோ டேய் வான் என்ற நிறுத்தம். அங்கிருந்து மலைமுகட்டில் ஏறி, காட்டுக்குள் புகுந்து, பிக் வேவ் பே கடற்கரையில் இறங்கினால் மொத்தம் 8.5 கி.மீ. உயரமும் அதிகமில்லை, முகட்டின் உச்சியே 284 மீட்டர்தான். நகரத்தை விட்டு ரொம்ப தூரமும் இல்லை. இதையெல்லாம் நான் முந்தின இரவே மனப்பாடம் செய்திருந்தேன். இருந்தும் பஸ் அந்த வளைவுச் சாலையில் நின்று நான் மட்டும் இறங்கி, அது கிளம்பிப் போன சத்தம் அடங்கியபோது, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது.

ஏற ஆரம்பித்தேன். முகட்டுக்கு வந்ததும் இரண்டு பக்கமும் கடல். காற்று தொப்பியைத் தூக்கியது. அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. மேட்டிலிருந்து இறங்கி மரங்களுக்குள் புகுந்த பிறகு ஒரு பிரிவில் தப்பான பக்கம் திரும்பிவிட்டேன். எனக்கு அது தெரியவில்லை. பத்து நிமிடம் நடந்த பிறகுதான் ஏதோ குறைகிறது என்று உறைத்தது. என்ன என்று நின்று யோசித்தேன். தூரக்கம்பம். ஹாங்காங் பாதைகளில் சுமார் 500 மீட்டருக்கு ஒன்றாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அவசர உதவிக்குக் கூப்பிட்டால் அந்த எண்ணைச் சொன்னாலே போதும், இருக்கும் இடம் தெரிந்துவிடும். காலையிலிருந்து அந்த எண்களை நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்திருந்தேன். அடுத்த எண் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

தொண்டை வறண்டது. யாரும் இல்லை. முன்னால் போகலாமா என்றுதான் முதலில் தோன்றியது, எப்படியும் கடலுக்குத்தானே போகும் என்று. பிறகு, கடைசியாகப் பார்த்த கம்பத்துக்கே திரும்புவது என்று முடிவெடுத்தேன். வந்த வழியே பத்து நிமிடம். கம்பம் அங்கேயே நின்றது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், சொரசொரப்பாக, வெயிலில் சுட்டது. அங்கிருந்து சரியான பிரிவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் போனைப் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறேன்.

நடந்தது அவ்வளவுதான். இருபது நிமிட நஷ்டம். ஆனால் வழி தவறினால் என்ன செய்வேன் என்று பல வருடங்களாக நான் சுமந்துகொண்டிருந்த ஒரு பயத்துக்கு அன்று பதில் கிடைத்தது. திரும்புவேன், கடைசியாகத் தெரிந்த இடத்துக்குப் போவேன், மறுபடி பார்ப்பேன். வேறு யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்திருந்தால் தலையாட்டியிருப்பேன், நம்பியிருக்க மாட்டேன்.

அதனால் முதல் முறைக்கு எப்படிப்பட்ட பாதை வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும். பகலில் வேறு ஆட்களும் நடக்கிற பாதையாக இருக்க வேண்டும். பொதுப் போக்குவரத்தில் போய்வர முடிய வேண்டும், ஏனென்றால் பாதி முடிவுகள் பஸ் நிறுத்தத்தில்தான் இருக்கின்றன. நாலைந்து மணி நேரத்தில் முடிய வேண்டும்.

நார்வேயின் பிரைகெஸ்டோலன் இதற்கு நல்ல உதாரணம். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த லீசெ ஃபியோர்டுக்கு 604 மீட்டர் மேலே, தட்டையான ஒரு பாறை மேடை. போக வர 8 கி.மீ. பாறைகளில் சிவப்பு நிறத்தில் ஆங்கில 'T' எழுத்து வரைந்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். செங்குத்தான சில இடங்களில் நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் கல்படிகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாவங்கர் நகரத்திலிருந்து பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

அதே நார்வேயில் ட்ரோல்டுங்கா இருக்கிறது. அந்த நாக்கு மாதிரி நீட்டிய பாறையின் படத்தைப் பார்த்தாலே போக வேண்டும் போலிருக்கும். ஆனால் வழக்கமாக ஷெக்கெடால் வாகன நிறுத்தத்திலிருந்து போய்வர 27 கி.மீ., 8 முதல் 12 மணி நேரம். இதைத் தயவுசெய்து முதல் தனி நடையாக வைத்துக்கொள்ளாதீர்கள். பாதையில் அடையாளம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் களைத்துப்போன மனசு எடுக்கிற முடிவு காலையில் எடுக்கிற முடிவு மாதிரி இருக்காது. பதினைந்தாவது கிலோமீட்டரில் மழை பிடித்தால் அன்றைக்குக் கற்றுக்கொள்வது பயத்தைத்தான்.

பாதையின் வடிவத்தையும் பாருங்கள். போன வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்திலும் திரும்பலாம், திரும்பும் வழி ஏற்கெனவே நடந்த வழி. ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும் பாதையில் பாதியைத் தாண்டிவிட்டால் திரும்புவதில் பயனில்லை. நியூசிலாந்தின் டோங்காரிரோ ஆல்பைன் கிராசிங் அப்படிப்பட்டது. சுமார் 20 கி.மீ., 7 முதல் 8 மணி நேரம். பெரும்பாலானவர்கள் ஷட்டில் வண்டியில் போய் ஒரு முனையில் இறங்கி, மறுமுனையில் வேறு ஷட்டில் பிடிக்கிறார்கள். கடைசி வண்டி கிளம்பும் நேரம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். நடை தெரிந்த பிறகு அருமையான நாள் அது. டிராகன்ஸ் பேக்கும் மறுமுனையில் இறங்குகிற பாதைதான், ஆனால் சின்னது, பக்கத்தில் சாலை இருக்கிறது, அதனால் தாங்கும்.

நேரக் கணக்குக்குப் பழைய விதி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பிரைகெஸ்டோலனுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 8 கி.மீ.க்கு ஒன்றரை மணிக்குச் சற்று மேல், தொடக்கத்துக்கும் உச்சிக்கும் உள்ள சுமார் 330 மீட்டருக்கு அரைமணிக்குச் சற்று மேல், ஆக இரண்டேகால் மணி நேரம்கூட வரவில்லை. அங்கே பொதுவாகச் சொல்லப்படும் நேரமோ 4 மணி. பாறையில் கால் பார்த்து வைப்பது, இடையில் இறங்கி ஏறுவது, மூச்சு வாங்க நிற்பது, பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாம் விதியில் இல்லை. அதனால் விதி தருகிற நேரத்தை நான் அப்படியே இரட்டிப்பாக்கிக்கொள்வேன். அந்தக் கணக்கிலிருந்து திரும்பும் நேரத்தை முடிவு செய்து கைப்பேசியில் அலாரம் வைப்பேன். உச்சி தெரிந்தாலும் சரி, அலாரம் அடித்தால் திரும்ப வேண்டும்.

இது கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். நார்வேக்காரர்களிடம் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் அவமானம் இல்லை என்கிறது. பாதியில் திரும்பிய நாளும் தைரியம் தரும் என்று முதலில் நான் நம்பவில்லை. மேகம் இறங்குவதைப் பார்த்து நானே திரும்பிய ஒரு நாளுக்குப் பிறகுதான், என் முடிவை நானே நம்பலாம் என்ற எண்ணம் வந்தது.

தனியாக நடக்கும் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆள் இல்லாத பாதை அழகு, ஆனால் முதல் நடைக்கு ஆள் நடமாட்டம் உள்ள பாதையே நிம்மதி. இலங்கையின் சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2,243 மீட்டர், நல்லதண்ணி வழியாக ஏறினால் ஐயாயிரத்துக்கும் மேல் படிகள், அதுவும் இரவில். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரையான யாத்திரைக் காலத்தில் படிகள் நெடுக விளக்கு எரியும், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் ஏறும். தனியே போகிறவள் அங்கே தனியாக இருப்பதில்லை. அதே மலை சீசன் முடிந்தபின் இருட்டில் முற்றிலும் வேறு இடம். ஓர் இடத்தைப் பற்றி விசாரிக்கும்போது மாதத்தையும் மணியையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சைக்கிளில் ஒரு நாள்

நடக்க முட்டி ஒத்துழைக்காதவர்களுக்கும், மலை என்றாலே தயங்குகிறவர்களுக்கும் இது. ஜப்பானின் ஷிமானாமி கைடோ, ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை தீவுகளையும் பாலங்களையும் கோத்துக்கொண்டு போகிற சுமார் 70 கி.மீ. சைக்கிள் வழி. சாலையோரத்தில் நீலக்கோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம். எனக்குப் பிடித்தது கோட்டைவிட இன்னொன்று. வாடகை சைக்கிளை வழியில் உள்ள வேறு நிலையங்களிலும் விட்டுவிட்டு பஸ்ஸிலோ படகிலோ திரும்பலாம். எழுபதும் ஓட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியேறும் வழி இருக்கிறது என்று தெரிந்தால் மனசு கூடுதல் தூரம் போகச் சம்மதிக்கிறது. தவறினால் நஷ்டம் குறைவு, முடிவு முழுக்க நம் கையில். என் அளவுகோலில் இது நடைக்கு அடுத்து வருகிறது.

கற்றுக்கொள்ளும் நாள்

ஸ்கூபா, பாறையேற்றம், அலைச்சறுக்கு. இவற்றில் பயிற்றுநர் கூட இருப்பார், ஆனால் செய்ய வேண்டியது நாம். பறப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

முதல் முறை ஸ்கூபா இறங்குகிறவர்களை வழக்கமாக 12 மீட்டர் ஆழத்துக்கு மேல் கூட்டிப்போக மாட்டார்கள். இறங்க இறங்கக் காது அடைக்கும், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சரிசெய்ய வேண்டும். நம் காதை நமக்காக வேறு யாரும் ஊத முடியாது. மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது முதல் பாடம். எனக்கு இரண்டு மீட்டரிலேயே மூச்சு தாறுமாறானது. கையால் மேலே என்று காட்டினேன், மேலே வந்தோம். பயிற்றுநர் ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தார். மூன்றாவது முறை இறங்கியபோது என் மூச்சின் சத்தம் எனக்கே தாலாட்டு மாதிரி கேட்டது. பயந்த உடம்பை மூச்சால் அமைதிப்படுத்த முடியும் என்ற அந்த ஒரு பாடம் இன்றுவரை கூட்டமான ரயில் நிலையத்திலும் எனக்குக் கைகொடுக்கிறது.

ஒரு நாள் போதுமா என்றால், ருசி பார்க்கப் போதும். கை பழக இன்னும் நாட்கள் வேண்டும், சான்றிதழ் படிப்புக்கே மூன்று நான்கு நாள் ஆகும். பயணத் தேதியோடு மோதுகிற ஒரு விஷயமும் இருக்கிறது. ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். ஊர் திரும்பும் முந்தின நாள் மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

யாருக்கு எது

கையில் ஒரே ஒரு நாள், இதுவரை தனியாக எங்கும் போனதில்லை என்றால் அடையாளமிட்ட சின்னப் பாதை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் முதல் வாரத்திலேயே வையுங்கள், அப்போதுதான் கிடைத்த தைரியத்தைச் செலவழிக்க மீதி நாட்கள் இருக்கும்.

உடல்நிலை காரணமாகவோ மனசு இன்னும் சம்மதிக்காததாலோ தனியே நடக்க முடியாது என்றால் சின்னக் குழுவோடு கைடு நடை ஒன்று போய்விட்டு, இரண்டு நாள் கழித்து அதைவிடச் சுலபமான ஒரு பாதையைத் தனியே நடந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். வழி தவறுவது, வழி கேட்பதெல்லாம் பிரச்சினையே இல்லை, உடம்பின் பயம்தான் சிக்கல் என்பவர்களுக்குக் கற்றுக்கொள்ளும் நாள் சரி. பறப்பதும் குதிப்பதும் ஆசையாக இருந்தால் ஆசைக்காகச் செய்யுங்கள், அதன் மேல் வேறு பாரம் ஏற்ற வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முந்தின இரவு நான் செய்வது இவ்வளவு. வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கி வைப்பேன். சூரியன் மறையும் நேரத்தைப் பார்ப்பேன். திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் அதற்கு முந்தின பஸ்ஸின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுவேன், போன் அணைந்தாலும் தாள் அணையாது. அந்த நாட்டின் அவசர எண்ணையும் அதே தாளில்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, நியூசிலாந்தில் 111, ஹாங்காங்கில் 999, ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119. தங்கியிருக்கும் இடத்தின் வரவேற்பு மேசையில் ஒருவரிடம், எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். திரும்பியதும் அவரிடம் போய் வந்துவிட்டேன் என்று சொல்வேன், அதை மறக்கக் கூடாது. பகல் நடையானாலும் பையில் தலையில் மாட்டும் விளக்கு ஒன்று இருக்கும்.

டிராகன்ஸ் பேக் நடந்த மறுநாள் நான் தப்பான திசையில் பஸ் ஏறிவிட்டேன். நாலாவது நிறுத்தத்தில்தான் தெரிந்தது. மணியை அழுத்தி இறங்கினேன், சாலையைக் கடந்தேன், எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றேன். அங்கே நின்றிருந்த ஒரு பெரியவரிடம் போனில் இருந்த பெயரைக் காட்டி, இந்த பஸ் போகுமா என்று கேட்டேன். விரலால் மூன்று என்று காட்டினார். மூன்றாவது நிறுத்தமா, மூன்று நிமிடமா என்று புரியவில்லை. மறுபடியும் கேட்டேன்.